யானைப் படம் போட்ட கழிப்பறை

குட்டி டீச்சருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவளுடைய உயரம்தான். மழலையர் பள்ளியின் மேல் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது, ஸ்டூல் போட வேண்டும். பிள்ளைகளுக்கு அதில் ஏகக் கொண்டாட்டம். அக்கா வீட்டுக் கூடத்தில் ஒண்டிக்கொண்டு, அக்கா புருஷனின் குறட்டைக்கு நடுவே படித்துப் பாஸானவள். "மூக்கு சிந்தி விடறதுக்கு ஒரு படிப்பு, அதுக்குப் பரீட்சை வேற," என்பாள் அக்கா.

பள்ளிக்கூடம் பளபளவென்று இருக்கும். வரவேற்பறையில் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள். அவற்றுக்குப் பக்கத்தில்தான் அந்தக் கழிப்பறை. சுவரெல்லாம் தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும் யானைகள், முழங்கால் உயரத்தில் பொம்மை மாதிரி பீங்கான் கோப்பைகள். பிள்ளையைச் சேர்க்க யாராவது வந்தால் பள்ளியை நடத்தும் மேடம் பூட்டைத் திறந்து காட்டுவாள். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் தலை மறைந்ததும் மறுபடி பூட்டு. சாவி மேடத்தின் கைப்பையில். "தெனம் தெறந்தா நாறும். நாறினா எவன் சேப்பான்?"

பிள்ளைகளுக்குப் பின்கட்டில் பெரியவர்கள் போகும் பழைய கக்கூஸ் ஒன்று இருந்தது. ஒவ்வொருவரையும் தூக்கி உட்கார வைக்க ஆயாம்மா ஒருத்திதான். அவள் இடுப்பு ஒடியாமல் இருக்க மேடம் கண்டுபிடித்த வழி, பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் குறைப்பது. சாப்பாட்டோடு ஒரு மடக்கு, அவ்வளவுதான். வீட்டுக்குப் போகும் முன் பாட்டிலில் மிஞ்சியதைத் தொட்டிகளில் ஊற்றிவிட வேண்டும். பை கனக்காமல் இருக்கத்தான் என்று நினைத்துக் குட்டி டீச்சரும் ஊற்றினாள். செடிகள் எண்ணெய் தடவிய மாதிரி மின்னின.

ஒருநாள் ஆயாம்மா வரவில்லை. உச்சந்தலையில் கொத்தாகக் கட்டிய முடியால் 'குடுமி' என்று பெயர் வாங்கிய மூன்று வயசுக்காரியைக் குட்டி டீச்சர்தான் பின்கட்டுக்குத் தூக்கிப் போனாள். குடுமி உட்கார மாட்டேன் என்று அழுதாள். "எரியுது டீச்சர்." வந்தது நாலு சொட்டு. பழைய டீத்தூளைக் கொதிக்க வைத்த நிறம், மூக்கைத் துளைக்கும் நாற்றம். குட்டி டீச்சரின் கண்முன்னே, தினம் தான் தண்ணீர் ஊற்றிய குரோட்டன்ஸ் மின்னியது.

மேடம் டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், பிள்ளைங்களுக்குத் தண்ணி பத்தல. குடுமிக்கு எரியுதாம்."

"வீட்டுல குடுக்க மாட்டாங்களா?"

"பாட்டில் காலியா வருதே. இங்கயே நல்லாக் குடிச்சிருக்கான்னு நெனச்சிக்கிறாங்க."

"நெனச்சிக்கட்டுமே. நிம்மதியா இருப்பாங்க." நனைந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது. மேடம் அதை விரலால் துழாவி எடுத்துச் சப்பினாள். குட்டி டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் குடுமியின் அம்மா பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள். "எல்லாத்தையும் குடிச்சிட்டியா? என் சமத்து." குடுமி குட்டி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தாள்.

"என்னடி, வெளக்கெண்ணெ குடிச்ச மாதிரி மூஞ்சி?" என்றாள் அக்கா. விஷயத்தைக் கேட்டதும், "வாய மூடிட்டு இரு. இந்த வேலையும் போச்சுன்னா காலம் பூரா இந்தக் கூடத்துலதான் படுக்கணும்."

மறுநாள் காலை குட்டி டீச்சர் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தாள். "யாரு மொதல்ல காலி பண்றாங்கன்னு பாப்போம்." மடக் மடக்கென்று குடித்தார்கள், பாலைவனத்திலிருந்து வந்தவர்கள் மாதிரி. கொஞ்ச நேரத்தில் வரவேற்பறையில் பூட்டுத் திறக்கும் சத்தம். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். "பிள்ளைங்க தானா போய்ப் பழகணும்னே கட்டினது," என்று மேடம் தேன் வடியப் பேசிக்கொண்டிருந்தாள்.

குட்டி டீச்சர் பிள்ளைகளைச் சட்டை நுனி பிடித்து ரயிலாக நிறுத்தினாள். "தெறந்திருக்கு. வாங்கடா."

ரயில் யானை வாசலில் வந்து நின்றது. குடுமி மேடத்தை அண்ணாந்து பார்த்தாள். "இதுல நெஜமாவே போலாமா? திட்ட மாட்டீங்களே?"

மேடத்தின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே போன ஒரு பொடியன் யானையைத் தடவிப் பார்த்தான். போனவர்கள் வெளியே வர மறுத்தார்கள், ஆளாளுக்குத் தண்ணீரை இழுத்துவிட வேண்டுமாம்.

"மொத தடவையா?" என்றார் வந்தவர்.

"ஆமா சார்," என்றாள் குட்டி டீச்சர். "இது எப்பவும் பூட்டித்தான் இருக்கும். அதான் இவங்களுக்குத் தண்ணி குடுக்கறதில்ல. மிஞ்சுற தண்ணியெல்லாம் இதோ, இந்தச் செடிக்கு."

அந்தப் பெண் செடியைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

மேடம் கத்தவில்லை. "சாயங்காலம் வரைக்கும் இருந்து இந்த நாத்தத்தக் கழுவிட்டுப் போ. நாளைக்கு வராத."

குடுமியின் அம்மா வந்தபோது இந்த முறை டீச்சர் தரையைப் பார்க்கவில்லை. "அவ குடிக்கலங்க. பாட்டில்ல இருந்தத நான்தான் கொட்டினேன். ஒண்ணுக்குப் போனா எரியுதுங்கறா, டாக்டர்கிட்ட காட்டுங்க."

"சீ. நீயெல்லாம் ஒரு டீச்சரா?"

அந்தச் 'சீ' சரியான விலாசத்துக்குத்தான் வந்திருந்தது. அந்த அம்மா அடுத்து மேடத்தின் அறைக்குள் போனாள். "இனி தெனம் வந்து பாப்பேன். அந்தக் கதவு பூட்டியிருந்துச்சுன்னா மத்த அம்மாக்களையும் கூட்டிட்டு வருவேன்," என்று கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதை இங்கே எழுத முடியாது.

குட்டி டீச்சர் யானைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். குறி தவறியவர்கள் நிறையப் பேர். அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். பிறகு நாதாங்கியில் தொங்கிய பூட்டைக் கழற்றி, குரோட்டன்ஸ் தொட்டி மண்ணில் ஆழமாகப் புதைத்து, மேலே தட்டிச் சமப்படுத்தினாள். மேடம் புதுசு வாங்குவாள், வாங்கட்டும். இந்தத் தொட்டியில் இனி யாரும் தண்ணீர் ஊற்றப் போவதில்லை, பழையது துருப்பிடிக்கக் கொஞ்சம் நாளாகும்.