கையெழுத்து இல்லாத ஆறு வருடம்

வியாழக்கிழமை, காலை 5.50. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் என் பட்டச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், ராட்டர்டாமிலிருந்து அச்செடுத்துக் கொண்டுவந்த ஒரு படிவம். திங்கட்கிழமைக்குள் அந்தப் படிவம் நிரம்ப வேண்டும். செவ்வாய் இரவு கொச்சியில் விமானம். இதற்கு நடுவில் மூணாறு வழியாக வண்டன்மேடு வரை போய்த் திரும்ப வேண்டும்.

ஊர் சுற்றிப் பார்க்கிற பயணம் இல்லை இது. பன்னிரண்டு வருடம் முன்பு கல்யாணமாகி, கணவர் சங்கரின் வேலைக்குப் பின்னால் போனவள் நான். மஸ்கட்டில் ஐந்து வருடம், ராட்டர்டாமில் ஏழு. இரண்டு ஊரிலும் என் விசாவில் 'சார்ந்து வந்தவர்' என்றுதான் இருக்கிறது. போன வருடம் அவருடைய கம்பெனி, என்னைப் போலச் சார்ந்து வந்தவர்களுக்கு வேலை தேடுவது எப்படி என்று ஒரு வகுப்பு வைத்தது. காபியும் பிஸ்கட்டும் தந்தார்கள். வகுப்பெடுத்த அம்மாள், தொழில் முறையில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் ஐம்பது பேரை எழுதுங்கள் என்றாள். முக்கால் மணி நேரம் யோசித்துப் பதினொரு பேர் எழுதினேன். அதில் ஒன்பது பேர் சங்கரின் நண்பர்கள். மீதி இருவர்: ஏலக்காய் வியாபாரம் செய்த வண்டன்மேடு மாமா, ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் அவருடைய ஸ்டோரில் வேலை பார்த்த பேச்சியம்மா.

அந்த மாமாவிடம்தான் கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் ஏலக்காய்க்குத் தரம் பார்த்தேன். இப்போது ராட்டர்டாமில் மசாலா இறக்குமதி செய்யும் இடத்துப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு வேலை இருக்கிறது. நேர்காணல் நன்றாகவே போனது. அவர்கள் கேட்பது இரண்டுதான். என் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவரின் கடிதம். நான் வேலை பார்த்ததற்கு ஒரு அத்தாட்சி: நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, அல்லது அந்த வருடங்களில் என் கையெழுத்து விழுந்த ஏதாவது ஒரு காகிதம். நாற்பத்தொரு வயதில் இன்னொரு முறை இப்படி ஒரு கதவு திறக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் கண்டக்டர் கோப்பைப் பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, இத்தன காயிதமா? கோயமுத்தூர் ஆசுபத்திரிக்குங்களா?"

"இல்லைங்க, ஒரு வேலை விஷயமா."

"ஆருக்குங்க, பையனுக்குங்களா?"

"எனக்குத்தான்."

அவர் "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று முன்பக்கம் போய்விட்டார். நான் தப்பாக எதுவும் நினைக்கவில்லை. எனக்கே பாதி நேரம் அப்படித்தான் தோன்றுகிறது.

பொள்ளாச்சி வரை நாற்பத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து உடுமலைப்பேட்டைக்கு முப்பது. பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் இரண்டு இட்லியும் ஒரு காபியும் நாற்பது ரூபாய். உடுமலையில் மூணாறு பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். அது எண்பத்தைந்து கிலோமீட்டர். சின்னாறு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கிப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். மறையூரில் பாதி பஸ் இறங்கியது. அதற்கு மேல் ஆடி மாதச் சாரல். தேயிலைச் சரிவுகளைப் பார்த்து முன் சீட்டில் ஒரு குடும்பம் கூவியது. எனக்கு இடுப்பு வலி, கண்ணை மூடிக்கொண்டேன்.

பிற்பகல் 2.15, மூணாறு. ஆயிரத்து இருநூறு ரூபாய் அறையில் பையைப் போட்டுவிட்டுப் பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாட்டுப்பட்டிக்கு ஆட்டோ பிடித்தேன். பேச்சியம்மா இப்போது அங்கே அணைக்கரையில் சோளம் சுட்டு விற்கிறாள் என்று கேள்வி. எனக்கு ஆக வேண்டிய காரியம் எல்லாம் மாமாவிடம்தான். பேச்சியம்மாவை மரியாதைக்கு ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்பதே என் எண்ணம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சோளம் விற்பவளின் கடிதம் ராட்டர்டாமில் எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீலத் தார்ப்பாய்க்கு அடியில் கரி அடுப்பு. என்னைக் கண்டதும் விசிறியைக் கீழே போட்டாள்.

"ஜெயாம்மாவா! எப்ப வந்தீய? என்ன இப்பிடி மெலிஞ்சு போயிட்டிய?"

மிளகாய்ப் பொடி தடவிய சோளம் ஒன்று கையில் வந்தது. காசு கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். ஸ்டோரை மூடிய பிறகு மகள் செல்வியோடு இங்கே வந்துவிட்டாளாம். செல்விக்கு மூணாறில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை, நான்கு வருடமாக. போன தையில் கல்யாணம். மாப்பிள்ளை ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். வருகிற புதன்கிழமை அவளும் போகிறாள்.

"அங்க இவளுக்கு ஒரு வேல கிடைக்குமா? நீங்கதான் வெளிநாட்டுல இருக்கிய. ஒரு வழி சொல்லுங்க."

செல்வி மழைக்கோட்டோடு வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். நான் வகுப்பில் கேட்டதை ஒப்பித்தேன். நாலு பேரோடு பழகணும், வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது, மொழி கத்துக்கணும். "சரிங்கக்கா" என்று தலையாட்டினாள். அந்த பிஸ்கட் வகுப்பில் நானும் அப்படித்தான் தலையாட்டினேன்.

கிளம்பும்போது பேச்சியம்மா ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தாள். பென்ஷனுக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம், பழைய அட்டை எல்லாம் வைத்திருக்கிறாளாம். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பாதிதான் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை, காலை 6.30. தேவிகுளம், பூப்பாறை, உடும்பன்சோலை வழியாக நெடுங்கண்டம் வரை பஸ். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்து வண்டன்மேட்டுக்கு ஜீப். டிரைவர் என் வயதுக்காரர்.

"அக்கா ஏலம் எடுக்க வந்தீயளா?"

கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். அவருடைய மனைவி அயர்லாந்தில் நர்ஸாம்.

"நானும் போயி ஒரு வருசம் இருந்தேங்க்கா. அவ ட்யூட்டிக்குப் போவா, நான் சோறு பொங்கி வச்சுட்டு ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். சிஸ்டரோட வீட்டுக்காரர்னுதான் எல்லாருக்கும் தெரியும். எம் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. திரும்பி வந்துட்டேன்."

"வருத்தம் இல்லையா?"

"இருக்கு. ஆனா இந்த ஜீப்புக்கு ஆர்சி எம் பேர்ல இருக்குல்ல."

காலை 10.40. மாமா வீடு. மாமா எனக்கு ரத்த உறவு இல்லை. பாலக்காடு கல்பாத்தியில் எங்கள் தெருக்காரர், அப்பாவின் சிநேகிதர். வேதியியல் படித்துவிட்டுச் சும்மா இருந்தவளை அவர்தான் அழைத்து வந்து, தன் வீட்டிலேயே தங்க வைத்தார். இப்போது எண்பதை நெருங்குகிறார். மாமி காலமாகி மூன்று வருடம். வியாபாரத்தை விட்டுவிட்டார்.

"வாடி கொழந்தே! சாப்டயோ? அங்கே நல்ல அரிசியெல்லாம் கெடைக்கறதோ?"

சாப்பாடு ஆனதும் விஷயத்தைச் சொன்னேன். "இவ்வளவுதானே" என்று பேனாவை எடுத்து, அழகான ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினார். வாங்கிப் படித்தேன். ஜெயலக்ஷ்மி எங்கள் வீட்டுப் பெண். ஆறு வருடம் எங்களோடு இருந்து, எங்கள் மேல் உள்ள பிரியத்தால் வியாபாரத்தில் கூடமாட ஒத்தாசை செய்தாள். குணத்தில் தங்கம்.

"மாமா, இப்படி எழுதினா ஆகாது. நான் உங்ககிட்ட வேலை பார்த்தேன்னு எழுதணும். என்ன வேலை, எப்போலேர்ந்து எப்போ வரைக்கும்னு."

அவர் முகம் மாறிவிட்டது. "உன்னைப் போய் வேலைக்காரின்னு எழுதறதா? நீ எங்காத்துக் கொழந்தையாக்கும். ஒங்கப்பா இருந்தா என்னைப் பத்தி என்ன நெனைப்பார்?"

"வேலைக்காரின்னு இல்லை மாமா, ஊழியர்னு."

"ரெண்டும் ஒண்ணுதான், கேட்டியா. மாமி ஒனக்குத் தனியாத் தட்டு வச்சாளா, சொல்லு."

வைக்கவில்லை. அது எனக்கும் தெரியும். பழைய வருகைப் பதிவேடுகளைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். மர அலமாரியைத் திறந்துவிட்டார்.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். தரம் பிரித்த நாற்பது பெண்களின் பெயரும் வரிசையாக இருந்தது. வந்த நாள், வராத நாள், அரை நாள். ஆறு வருடமும் தினமும் காலையில் அதை எழுதியவள் நான். பக்கத்துக்குப் பக்கம் என் எழுத்து. ஒரு பக்கத்திலும் என் பெயர் இல்லை. கடைசியில் மாமாவின் கையெழுத்து மட்டும்.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கணக்குப்பிள்ளை பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். மாமா, "அவ எதுக்குக் கையெழுத்துப் போடணும், நம்மாத்துப் பொண்ணு" என்று அதை மூடினார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! மாதா மாதம் சம்பளம்கூட வெற்றிலைத் தட்டில், 'கைச்செலவுக்கு' என்று வரும். மற்றவர்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம், நான் அவர்களில் ஒருத்தி இல்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்து அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். மாமா பதறிப்போய் மோர் கொண்டுவந்தார்.

பிற்பகல் 3.30. அதே ஜீப். சேற்றுப் பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது, கையில் இருந்த கோப்பு கீழே விழுந்து காகிதங்களெல்லாம் சிதறின. பொறுக்கும்போதுதான் பேச்சியம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அட்டை. வாரா வாரம் ஒவ்வொரு பெண்ணும் எத்தனை கிலோ தரம் பிரித்தாள் என்று எழுதி, சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்ட அட்டை! மற்ற பெண்களுக்கெல்லாம் ஒரு கிறுக்கல். பேச்சியம்மா மட்டும், கிறுக்கல் போட்ட அட்டையை ஒரு தடவை எங்கேயோ ஏற்காமல் திருப்பிவிட்டார்கள் என்று விடாப்பிடியாக நிற்பாள். "முழுப் பேரு போடுங்கம்மா, என்ன வேலன்னும் எழுதுங்க." நச்சரிப்பாக இருக்கிறதே என்று எரிச்சல்பட்டுக்கொண்டே போடுவேன்.

சனிக்கிழமை, காலை 8.00, மாட்டுப்பட்டி. சோள மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை. அதற்குள் பிளாஸ்டிக் உறை. அதற்குள் ரப்பர் பேண்டு போட்டு வருடவாரியாக அட்டைகள். மஞ்சளேறிப் போயிருந்தாலும் மை அழியவில்லை. 'ஆர். ஜெயலக்ஷ்மி, தரப் பரிசோதகர்.' அடுத்த வாரமும் அதே பெயர். அதற்கடுத்த வாரமும்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீய? அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள். செல்வி தார்ப்பாய்க்கு அடியில் ஒவ்வொரு அட்டையாகப் பிடித்துக்கொள்ள, நான் செல்போனில் படமெடுத்தேன்.

அடுத்தது கடிதம். பேச்சியம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். எட்டு மில்லிமீட்டர் காயை நான் சல்லடையில் பிரித்தது, ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் என்று நிறுத்தது, வெடித்த காயைக் கலந்து கொண்டுவந்த வியாபாரியைத் திருப்பி அனுப்பியது எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எனக்கே பாதி மறந்துவிட்டது. செல்வி அதை ஆங்கிலத்தில் எழுத உதவினாள். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: விண்ணப்பதாரருக்கு நீங்கள் யார்? மேலாளரா, சக ஊழியரா, மற்றவரா? என் பேனா நின்றது.

"என்ன கேக்கான்?"

சொன்னேன்.

"இதுல என்ன யோசன? ஆறு வருசம் பக்கத்துப் பக்கத்துல நின்னு வேல பாத்தோம்னு எழுதுங்க."

'சக ஊழியர்' என்பதில் குறி போட்டேன். அவள் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மனம் கொஞ்சம் லேசானது. சும்மா கேட்பதுபோலச் செல்வியிடம் கேட்டேன். "லாட்ஜ்ல எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கிட்டியா?"

"இல்லக்கா. மானேஜர் அண்ணன் நல்லவங்க. என்னத் தங்கச்சி மாதிரி வச்சிருக்காங்க. போற நேரத்துல அதெல்லாம் கேட்டா தப்பா நெனப்பாங்க."

எனக்கு 12.30 பஸ். அதைப் பிடித்தால்தான் இரவு ஒன்பது மணிக்குள் பாலக்காடு. விட்டுவிட்டேன். செல்வியையும் கூட்டிக்கொண்டு லாட்ஜுக்குப் போனேன்.

மானேஜர் உண்மையாகவே நல்ல மனிதர். டீ வரவழைத்தார். "காயிதம் எதுக்குங்க? இவ எங்களுக்குத் தங்கச்சி மாதிரி. எப்ப வந்தாலும் வேல இருக்கு."

"தங்கச்சின்னு நீங்க மனசுல வச்சுக்கோங்கோ" என்றேன். "காகிதத்துல ரிசப்ஷனிஸ்ட்னு எழுதுங்கோ. சேர்ந்த தேதியும் போடுங்கோ."

கொஞ்சம் விழித்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தார்.

பிற்பகல் 2.45. உடுமலைப்பேட்டை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. செல்வி பஸ் நிலையம் வரை வந்தாள். முத்திரை போட்ட காகிதம் மழைக்கோட்டுக்குள் இருந்தது. வாங்கிப் பெயர், வேலை, தேதி மூன்றையும் இரண்டு முறை சரிபார்த்துக் கொடுத்தேன். என் நம்பரையும் எழுதிக்கொண்டாள்.

வேலை கிடைக்குமா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை அனுப்பிவிடுவேன், அவ்வளவுதான். மறையூர் இறக்கத்தில் முதுகைச் சாய்க்க முடியாமல் அந்தப் பதினொரு பேர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். சங்கரின் நண்பர்கள் ஒன்பது பேரையும் அடித்துவிட்டுச் செல்வியின் பெயரை எழுதினேன். மாமாவை அடிக்க மனம் வரவில்லை. ராட்டர்டாமில் நான் சங்கரின் மனைவி. வண்டன்மேட்டில் மாமா ஆத்துக் குழந்தை. இரண்டு இடத்திலும் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் ஆறு வருடம் வேலை பார்த்தவள் என்று சொல்ல, மாட்டுப்பட்டி அணைக்கரையில் சோளம் சுடும் பேச்சியம்மா ஒருத்திதான் இருக்கிறாள்.