டாக்டர் வருவதற்கு முன்பே

நாலு மணி ஆகப்போகிறது என்றால் நிபாரண் டாக்டரின் கை தானாகப் போய் ரேடியோவின் காதைத் திருகும். செய்தியோ, சிதாரோ, உர விளம்பரமோ, எதுவானாலும் சரி, சத்தம் வேண்டும். பக்கத்து அறையில் டியூஷன் நடந்த காலத்துப் பழக்கம் அது. டியூஷன் இடம் மாறி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கை மட்டும் இன்னும் மாறவில்லை.

ராணாகாட் ரயில்வே கேட்டுக்கு இந்தப்புறம், என் சைக்கிள் கடைக்கு எதிரே அவருடைய ஹோமியோபதி அறை. என் கடை என்றால் என் மாமாவுடையது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இங்கிலீஷ் என்னைக் கைவிட்டபோது, மாமா கையில் ஒரு ஸ்பானரைக் கொடுத்தார்.

காளி பூஜை வருவதற்குள் டாக்டர் தலையில் குரங்குக் குல்லா ஏறிவிடும். குளிர் போய் வெயில் வந்து ஊரே விசிறிக்கொள்ளும்போதுதான் இறங்கும். குல்லாவுக்குள்ளிருந்து கண்ணும் மூக்கும் நோயாளியை விசாரிக்கும். தலைவலி என்று வந்தவரிடம் தலையைப் பற்றிக் கேட்கவே மாட்டார். "இடி இடிச்சா பயப்படுவீங்களா? புளிப்பு பிடிக்குமா? கனவுல தண்ணி வருதா? வந்தா, குளமா ஆறா?" என்பார். குளத்துக்கு ஒரு மருந்து, ஆற்றுக்கு வேறு. ஒருநாள் நான் போய், "கனவுல இலிஷ் மீன் வருது, டாக்டர்பாபு" என்றேன். "வறுத்ததா, கடுகு அரைச்சு வச்சதா?" என்று பேனாவைத் திறந்தார். யார் யாரைக் கிண்டல் செய்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சாவு என்ற சொல் அவர் வாயில் வராது. "கிளம்பிட்டார்" என்பதோடு சரி. மருந்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு யாராவது "போறேன்" என்றால் வாசற்படியிலேயே மறிப்பார். "போறேன்னு சொல்லாதீங்க. வரேன்னு சொல்லுங்க." சொல்ல வைத்துத்தான் விடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கும் பஞ்சானன் மாஸ்டரின் இங்கிலீஷ் டியூஷனுக்கும் நடுவே இருந்தது ஒரு மூங்கில் தட்டி.

வங்காளத்தில் இங்கிலீஷ் படித்த எவனும் தப்பிக்க முடியாத வாக்கியம் ஒன்று உண்டு. என் அப்பா படித்தார், அவருடைய அப்பாவும் படித்தார். டாக்டர் வருவதற்கு முன்பே நோயாளி இறந்துவிட்டான். ஒன்று எப்போது நடந்தது என்று சொல்கிற துணை வாக்கியம் பாடத்தில் வந்தால், அந்தப் பாவியும் பின்னாலேயே வந்துவிடுவான்.

"எதுடா முதல்ல நடந்தது?" மாஸ்டர் பிரம்பால் மேஜையில் ஒன்று போடுவார்.

"செத்தது, சார்!"

"அப்ப 'ஹேட்' யாருக்கு?"

"செத்தவனுக்கு, சார்!"

பிறகு 'அன்டில்' வரும். "அதுக்குள்ளேயே ஒரு 'இல்லை' உக்காந்திருக்கு. நம்ம பாஷைப் பழக்கத்துல இன்னொரு 'இல்லை'யக் கூட்டிட்டு வராதீங்கடா, இடம் பத்தாது!" ஆனால் எங்கே சுற்றினாலும் வகுப்பு நோயாளியிடமே திரும்பும். முதலில் எங்கள் மொழியில், அப்புறம் "தி பேஷன்ட் ஹேட் டைட் பிஃபோர் தி டாக்டர் கேம்" என்று தொண்டை கிழியக் கத்துவோம்.

தட்டிக்கு அந்தப்புறம் பெஞ்சில் நிஜ நோயாளிகள். கொஞ்ச நேரம் கேட்பார்கள். பிறகு ஒருவர் கால் செருப்பைத் தேடும். அதைப் பார்த்து அடுத்தவர் காலும் தேடும்.

டாக்டர் மாஸ்டரிடம் கெஞ்சிப் பார்த்தார். "ரயிலை வச்சுச் சொல்லிக் குடுங்களேன், மாஸ்டர். நாங்க ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடியே ரயில் போயிடுச்சு. பாடம் அதேதானே?"

"பரீட்சைல உங்க ஆள்தான் வர்றான், டாக்டர்பாபு. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப கொஞ்சம் மெதுவாக் கிளம்பட்டுமே!"

எங்களுக்கும் லஞ்சம் வந்தது. தட்டியில் ஒரு ஓட்டை. மருந்து சேர்க்காத சர்க்கரை உருண்டைகள் அதன் வழியே கொட்டும். "மெதுவாச் சொல்லுங்கடா, கண்ணுங்களா." மென்று முடித்து மறுநாள் இன்னும் பலமாகக் கத்தினோம். அப்போதுதானே இன்னும் கிடைக்கும்?

ஓட்டைக்குப் பக்கத்து இடம் என்னுடையது. ஒருநாள் உருண்டைக்குப் பதில் அவர் குரல் வந்தது. "பில்ட்டு, பாத்குல்லாலேருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. படபடப்பு. இவங்க இருந்து மருந்து வாங்கிட்டுப் போனா ஊரே வரும். இவங்களும் ஓடிட்டா நான் அறையப் பூட்டிட்டுத் தம்பி வீட்டுத் திண்ணைக்குத்தான் போகணும். இன்னிக்கு ஒருநாள்டா."

அதற்குள் மாஸ்டர் பிரம்பைத் தட்டிவிட்டார். வகுப்பு கத்திவிட்டது. ஓட்டையில் கண்ணை வைத்தேன். அந்தப் பாத்குல்லா அம்மா, கிரிபாலா மாஷி, மார்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நான் போறேன்."

"வரேன்னு சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர். அந்த நேரத்திலும் அதுதான் வந்தது.

"இங்க வந்தவங்க கதையத்தான் கேட்டேனே!"

மாஸ்டர் மறுபடி தட்டினார். எல்லோருக்கும் முந்தி நான் எடுத்துக் கொடுத்தேன். "நோயாளி வருவதற்கு முன்பே டாக்டர் இறந்துவிட்டார்!" எடுத்துக் கொடுப்பதை அப்படியே திருப்பிக் கத்துவதுதான் எங்கள் கல்வி. வகுப்பே கத்தியது.

மறுபடி ஓட்டையில் கண்ணை வைத்தேன். மாஷி குல்லாவைப் பார்த்தார். குல்லாவுக்குள் திறந்திருந்த வாயைப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் பெஞ்சே குலுங்கியது.

"அடப் பாவமே, முந்திக்கிட்டது நீங்கதானா? செத்தவர் கை இவ்வளவு சூடாவா இருக்கும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சரி, கேளுங்க."

"கனவுல தண்ணி வருதா?" என்றார் காலமான டாக்டர்.

எனக்குக் கிடைத்த பிரம்படி தனிக்கதை. பாத்குல்லாக்காரர்கள் இன்றும் மத்தியான லோக்கல் ரயிலில் வந்து இறங்குகிறார்கள்.

டியூஷன் இப்போது ஸ்டேஷன் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட மாடியில். உள்ளே யார் செத்தாலும் தெருவுக்குக் கேட்காது. பெஞ்சில் யாரும் செருப்பைத் தேடுவதில்லை. ஆனாலும் நாலு மணிக்கு அந்தத் தட்டியைப் பார்த்தால் எனக்கு என்னவோ போலிருக்கும். பெஞ்ச் காலியாக இருக்கும் நாட்களில் சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டிக் கத்துவேன். "நோயாளி வருவதற்கு முன்பே...!"

எதிரே ரேடியோச் சத்தம் நிற்கும். டாக்டர் தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடி, நாக்கை வெளியே தள்ளி, குல்லாத் தலையைத் தோளில் தொங்கவிடுவார். அப்படியே அசையாமல் இருக்க, ஒரு கை மட்டும் ஜன்னல் கம்பிக்கு வெளியே மெல்ல நீளும், சர்க்கரை உருண்டைப் புட்டியோடு.