கேட்டுக்கு வெளியே இருந்த மருந்து

ஊமத்தை இலை எரிஞ்சா ஒரு வாடை வரும்... கசப்பும் காறலுமா தொண்டையில போய் உக்காந்துக்கும். அப்பாவை நாங்க அய்யான்னுதான் கூப்பிடுவோம்; அய்யாவோட சட்டை, தலையணை எல்லாத்துலயும் அந்த வாடைதான்.

அறுபதுகள்ல விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில அய்யாவுக்குக் கரித்தூள் சலிக்கிற வேலை. அங்கேயே நான் லேபிள் ஒட்டினேன். சாயங்காலம் ஷெட்டை விட்டு வெளிய வந்தா அய்யாவுக்குக் கண்ணு மட்டும்தான் வெள்ளை.

அய்யாவுக்குச் சின்ன வயசுலேயே மூச்சு இளைப்பு உண்டு. காஞ்ச ஊமத்தை இலையைப் பீடி மாதிரி சுத்தி இழுத்தா அடங்கிரும். அப்ப எங்க பக்கம் அதான் மருந்து. ஆனா பட்டாசு கம்பெனிக்குள்ள நெருப்புக்கு எங்க போக? தீப்பெட்டி, பீடி இல்லைன்னு மடியை உதறிக் காட்டிட்டுத்தான் கேட்டைத் தாண்டி உள்ள போகணும். அதனால அந்தப் பீடியை அய்யா எதிர்த்தாப்புல டீக்கடையில குடுத்து வச்சிருப்பாங்க. இளைப்பு வந்தா வெளிய போய் இழுத்துட்டு, திரும்ப வந்து சல்லடையைப் பிடிப்பாங்க.

தீவாளி முடிஞ்சு வேலை குறைஞ்சா இளைப்பும் குறையும். "சீசன் முடிஞ்சா சரியாயிரும் தாயி"ம்பாங்க அய்யா. நாங்களும் நம்பிக்கிட்டே இருந்தோம். ஒரு வருஷம் சீசன் முடிஞ்சும் குறையல. சும்மா உக்காந்திருக்கும்போதே நெஞ்சு விசில் அடிச்சது.

மதுரையில ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம்.

"ஒரே நெஞ்சுல ரெண்டு நோய் இருக்கும்மா. பழைய இளைப்பு வரும், போகும். இப்ப வந்திருக்கிறது போகாது. தூசியும் ஆகாது, அந்தப் புகையும் ஆகாது."

திரும்பி வரும்போது பஸ்ல அய்யா சிரிச்சாங்க. "புகையை விட்டா மூச்சு இல்ல, தூசியை விட்டா சோறு இல்ல. எதை விடச் சொல்றாக?" எனக்குச் சிரிப்பு வரல.

அடுத்த சீசன்... ஆர்டர் குவிஞ்சு கிடந்த நேரம். ஒரு மத்தியானம் ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவுல அய்யா அப்படியே உக்காந்துட்டாங்க. வாய் திறந்திருக்கு, மூச்சு வரல. டீக்கடைப் பக்கம் கையை மட்டும் நீட்டினாங்க.

ஓடினேன். பீடியைப் பத்த வச்சு, காத்துல அணையாம கையால மறைச்சுக்கிட்டுத் திரும்பி வந்தா... வாட்ச்மேன் கேட்டைச் சாத்திட்டார்.

"நெருப்போட வராத தாயி. உள்ள அம்புட்டு சனம் இருக்கு."

"அண்ணாச்சி, அய்யா செத்துருவாக..."

"தெரியுது தாயி. தூக்கிட்டு வாராக. நீ வராத."

அழுதுக்கிட்டேதான் சொன்னார். அவர் மேல எனக்கு இன்னைக்கும் கோபம் இல்லை. அவர் செஞ்சதுதான் சரி.

தூக்கிட்டு வந்து ரோட்டோரம் கிடத்தினாங்க. பீடியை அய்யா உதட்டுல வச்சேன். இழுக்க மூச்சு இல்லை. அது பாட்டுக்கு எரிஞ்சு என் விரல் வரைக்கும் வந்தது.

இப்ப எனக்கும் அதே ரெண்டு நோயும் ஒண்ணா இருக்கு. டாக்டர் ரெண்டுக்கும் சேர்த்து ஒரு இங்கிலீஷ் பேரு சொல்லி, இன்ஹேலர் குடுத்திருக்கார். ஒரு அமுக்கு, ஒரு இழுப்பு... நெஞ்சு லேசாயிருது.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போற வழியில அந்த கேட் முன்னாடி காரை நிறுத்தச் சொன்னேன். கைப்பையில இன்ஹேலர் இருந்தது. நெருப்பு வேண்டாத மருந்து.

இதை வச்சுக்கிட்டு உள்ள போகலாம்... அய்யா உக்காந்த இடம் வரைக்கும் போகலாம். யாரும் கேட்டைச் சாத்த மாட்டாங்க.