பேத்திக்கென்று ஒளித்து வைத்த அட்டை

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் புளியமரம் உலுக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் சவுரியப்பனைத்தான் தேடுவார்கள். நாற்பது வருசமாக ஏறியவர். அறுபத்தெட்டு வயதிலும் உச்சிக் கிளையில் நின்றுகொண்டு கீழே பொறுக்கும் பெண்களைக் கேலி பேசுவார். இந்தத் தை மாதம்தான் பாதி மரத்திலேயே மூச்சு வாங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவார்கள், ஆஸ்பத்திரியில் அரசாங்கக் காப்பீட்டு அட்டையைக் கேட்பார்கள். அட்டை பைபிளுக்குள் இருந்தது. தெருவில் நஞ்சப்பனுக்கு இருதய ஆபரேசன் ஆனபோது, “அவரு கார்டு தீந்து போச்சு” என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஒரே தடவைதான் செல்லும் போலிருக்கிறது என்று சவுரியப்பன் முடிவு கட்டிவிட்டார். மருமகள் பூவிழி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளில், பிறக்கப்போகும் பிள்ளைக்கென்றே அதை ஒதுக்கி வைத்தார்.

பேத்தி தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மூன்றாம் நாள் பார்க்கப் போனவர் பிரசவ வார்டுப் படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கேயே தூக்கிப் போய்ப் படுக்க வைத்துச் சோதித்தார்கள். இருதயக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும், காப்பீட்டிலேயே செய்துவிடலாம் என்றார் டாக்டர்.

“கார்டு தொலைஞ்சு போச்சுங்க” என்றார் சவுரியப்பன்.

“ஏங்க, வாய் கூசாம சொல்றீங்களே! பைபிளுக்குள்ள இருந்துச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு கையோட எடுத்தாந்தேன்” என்று பையைத் திறந்தாள் மனைவி சகாயமேரி.

“அது பாப்பாவுதுடி. வையி உள்ள.”

மகன் தலையில் அடித்துக்கொண்டான். “உசுரு போவப் பாத்துச்சு, இப்பவும் வீம்பா உனக்கு, அப்பா?”

காப்பீட்டு மேசையில் இருந்த சசிகலா எழுந்து கட்டிலுக்கே வந்தாள். அட்டையையும் ரேசன் கார்டையும் வாங்கிப் பார்த்தாள்.

“தாத்தா, உங்க மவன் கல்யாணத்துக்கப்புறம் ரேசன் கார்டு தனியா பிரிச்சிட்டாரா?”

“ஆமா கண்ணு. தனியா அரிசி வாங்கலாமுன்னு பிரிச்சோம்.”

“அப்ப இதுல நீங்களும் உங்க வீட்டு ஆயாவும் மட்டுந்தான். பாப்பாவுக்கு இது செல்லாதுங்க. அவங்கப்பன் வருமானச் சான்று வாங்கி, அவரு ரேசன் கார்டுல தனியா பதியணும்.”

சவுரியப்பன் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அதுவுமில்லாம இது தீந்து போற சாமான் இல்ல தாத்தா. படுத்துப் பாக்கற வைத்தியத்துக்கு வருசத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும். அடுத்த வருசம் மறுபடி புதுசா ஆரம்பிக்கும். காய்ச்சல் மாத்திரைக்கு மட்டும் கேட்டு வராதீங்க.”

“வருசா வருசமா? இந்தக் கெழவனுக்கா?”

“கெழவனுக்கும்தான். ரேகை வைங்க.”

நாற்பது வருசம் மரப்பட்டை தேய்த்த விரல். இயந்திரம் நான்கு முறை மறுத்தது, ஐந்தாம் முறை பச்சை விளக்கு எரிந்தது. “பாருடி, நாந்தான்னு கண்டுபிடிச்சிருச்சு” என்று சகாயமேரியிடம் மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் காலை ஸ்டென்ட் வைக்க மணிக்கட்டு வழியாகக் கம்பி போனது. மயக்க மருந்து கொடுக்கவில்லை. எதிரே திரையில் அவருடைய இருதயமே துடித்துக்கொண்டிருந்தது. கிளை கிளையாகப் பிரிந்த குழாய்களில் ஒரு கிளை மட்டும் வெளிறிக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலும் சாய மருந்து கலந்த ரத்தம் கருப்பாக ஓடிப் பரவியது. மாதா கோயில் பூசையில் எழுந்து நிற்பதுபோல அவருக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. “அசையாதீங்க பெரியவரே” என்று டாக்டர் அதட்டினார்.

இரண்டு நாள் கழித்து சக்கர நாற்காலியில் பிரசவ வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பூவிழி குழந்தையை நீட்டினாள். “புடிங்க மாமா.”

“குடு தாயி” என்றவர், துணிச் சுருளை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். “டேய், இங்க என்ன நிக்கற? போயி வருமானச் சான்றுக்கு எழுதிக் குடு. இவளுக்கும் ஒண்ணு வாங்கணும்.”