திரைக்குப் பின்னால் சந்திரா

எழுபதுகளில் குமாரபாளையத்தில் எந்தக் குடும்பமும் பெண்ணை மேடையேற்றாது. "ஊரு முன்னால மைக்கப் புடிச்சுப் பாடுனா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று அடுப்படியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அதனால் தங்கசாமி மெல்லிசைக் குழு ஆரம்பித்தபோது கிடார் கிடைத்தது, டிரம் செட் கிடைத்தது, பாடுவதற்குப் பொம்பளை மட்டும் கிடைக்கவில்லை. விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்த்த சின்னுசாமி அப்போதுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். விளையாட்டாகப் பெண் குரலில் இரண்டு வரி பாடிக் காட்டினான். அட கடவுளே, பாடாமலே இருந்திருக்கலாம்!

மேடை ஓரமாக ஒரு திரை கட்டினார்கள். திரைக்குள் சின்னுசாமி. நோட்டீசில் 'குமாரி சந்திரா' என்று அச்சடித்தார்கள். கூச்ச சுபாவமுள்ள நல்ல குடும்பத்துப் பெண், முகம் காட்டமாட்டாள் என்று தங்கசாமி மைக்கில் அளந்துவிட்டார். ஜனம் உருகிப்போனது. "அடக்கம்னா அதுதானுங்க" என்றார்கள். ராசிபுரம், ஜலகண்டாபுரம் என்று திருவிழாவுக்குத் திருவிழா சந்திராவைத்தான் கேட்டார்கள். நாமக்கல் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவர் சந்திராவுக்கென்று மகன் ஜாதகத்தையே கொடுத்தனுப்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் எல்லோரும் சின்னுசாமி மைக்செட் தூக்கப் போகிறான் என்றுதான் நினைத்தார்கள். நிஜத்தைச் சொல்ல முடியுமா? தெரிந்தால் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் உதைப்பார்கள். சொந்தக்காரர்கள் சிரித்தே கொல்வார்கள். புலிவாலைப் பிடித்த கதைதான்.

அவனிடம் ஒரு பாட்டு இருந்தது. தறியின் தடதடப்பிலேயே மெட்டுப் போட்டு அவனே கட்டிய பாட்டு. 'கரண்டு போனா தறிக்கு ஓய்வு, எனக்கு எப்போ போகும் கரண்டு' என்று தொண்டை கிழியக் கத்த வேண்டியது. ஒரே ஒரு தடவை மேடையில் முகம் காட்டி நின்று, தன் சொந்தக் குரலில் அதைப் பாடிவிட வேண்டும். அந்த ஆசைதான் அவனைப் பிடித்து ஆட்டியது.

"நெசமா ஒரு புள்ள கெடைக்கட்டும் சாமி. அன்னிக்கே நீ முன்னால வந்து பாடு" என்று தங்கசாமி வருஷா வருஷம் இதையே சொன்னார்.

எண்பத்து மூன்றில் ஒரு பெண் கிடைத்தாள். சாரதாமணி, ஆத்தூர்ப் பக்கம், நன்றாகவே பாடுவாள். பவானித் திருவிழாவில் ஓரத்துத் திரையைக் கழற்றிவிட்டு, "இதோ உங்கள் சந்திரா!" என்று அவளை நிறுத்தினார்கள். அடுத்த பாட்டு சின்னுசாமியுடையது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேடைப் படுதாவுக்குப் பின்னால் நின்றான். நிமிஷத்துக்கொரு தடவை காலரைச் சரிசெய்துகொண்டான். அப்படி ஒரு சந்தோஷம்.

அவள் பாதிப் பாட்டைக்கூடத் தாண்டவில்லை. "இது சந்திரா கொரலே இல்லடா! ஏமாத்தறானுங்க!" என்று கூட்டம் எழுந்துவிட்டது. செருப்பு பறந்துவந்து டிரம்மில் விழுந்தது. தங்கசாமி படுதாவுக்குப் பின்னால் ஓடிவந்தார்.

"சாமி, உன்ற காலுல உழுகறேன். இங்கிருந்தே பாடு. அந்தப் புள்ள மைக்குல வாய மறச்சுக்கிட்டு நிக்கட்டும்."

"ஏனுங்ணா, இன்னிக்குமா? பாடுனா என்ற பாட்டத்தான் பாடுவேன்."

"எதையாச்சும் பாடு, சந்திரா கொரல்ல பாடு! இல்லீனா அந்தப் புள்ளய உசுரோட உடமாட்டானுங்க."

படுதா இடுக்கில் பார்த்தான். சாரதாமணி அழுதுகொண்டிருந்தாள். அவனுக்கு வயிறு எரிந்தது. பாடினான். அவன் தறி, அவன் எரிச்சல், அவன் வார்த்தை. குரல் மட்டும் சந்திராவுடையது. கூட்டம் அடங்கியது. பிறகு விசில் பறந்தது. மறுபடி, மறுபடி என்று கேட்டார்கள். மாலை சாரதாமணியின் கழுத்தில் விழுந்தது.

மறுநாள் பட்டறையில் பக்கத்துத் தறி சென்றாயன் அதே பாட்டை முனகிக்கொண்டிருந்தான். சின்னுசாமியைக் கண்டதும் காதருகே வந்து கத்தினான்.

"நேத்து சந்திரா பாடுனதக் கேட்டியா? நம்ம வவுத்தெரிச்சலு ஒரு பொம்பளப்புள்ளைக்கு எப்படிறா தெரிஞ்சுது? நம்மள்ல ஒருத்தனுக்கு இப்படிப் பாட வக்கில்லியே!"

நான்தான்டா என்பது தொண்டைவரை வந்துவிட்டது. ஊருக்குத் தெரிந்தால் முதலில் அசிங்கப்படப் போவது சாரதாமணிதான். சின்னுசாமி விழுங்கிக்கொண்டான்.

"ஆமா, வக்கில்லதான்" என்று சொல்லிவிட்டு, அறுந்த இழையை முடிச்சுப் போடக் குனிந்தான்.