கோயில்பிள்ளை கொடுத்த வாக்கு

சவரிராயனுக்கு இரண்டு வேலைகள். பகலெல்லாம் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருவார். காலையிலும் மாலையிலும் ரோட்டோர மேட்டில் இருக்கும் சின்ன மாதா கோயிலைப் பெருக்கி, மெழுகுவத்தி ஏற்றி, மணி அடிப்பார். முதல் வேலைக்குக் கூலி உண்டு. இரண்டாவதற்குக் கோயில்பிள்ளை என்ற பட்டம் மட்டும்தான். ஆனாலும் யாராவது என்ன வேலை என்று கேட்டால் மனிதர் உப்பளத்தைச் சொல்லவே மாட்டார்.

"சோறு போடறது உப்பு, பேரு மட்டும் மணிக்கு" என்று அவர் மனைவி ஆரோக்கியம் கேலி செய்வாள்.

சுனாமிக்கு முன்பு அந்த மணி கோயிலுக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. அந்த டிசம்பருக்குப் பிறகு, உப்பளத்துக்கு அப்பால் இருக்கும் மீனவர் குப்பத்திலிருந்து சிலர் பங்குச்சாமியாரைத் தேடி வந்தார்கள். அவர்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் மணியோசை குப்பம்வரை கேட்கும். கடல் ஏறப்போவதாக டிவியிலோ போலீசிடமிருந்தோ செய்தி வந்தால் நிறுத்தாமல் மணி அடிக்க வேண்டும், அதைக் கேட்டதும் குப்பம் மேட்டுக்கு ஓடிவந்துவிடும் என்று பேசி முடிவானது. ஜெபத்துக்கு இனி மூன்றே அடி. சவரிராயனும் அந்தக் கூட்டத்தில் நின்று தலையாட்டினார்.

அடுத்த பங்குனியில், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வந்தது. அதற்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுக்கப் பீடத்தில் பூ வைக்க மாட்டார்கள், பூசையில் வானவர் கீதம் பாட மாட்டார்கள். பெரிய வியாழன் மாலையில் மட்டும் அதைப் பாடுவார்கள். பாட்டு முடிகிறவரை மணி அடிக்கும். பிறகு மணியின் நாக்கைத் துணியால் கட்டிவிட்டால் ஈஸ்டர்வரை மரக்கட்டையைத் தட்டுவதுதான். இருபது வருஷமாக அவர் கை செய்த வேலை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதுதான் நடந்தது. பாட்டு தொடங்கியதும் கயிற்றைப் பிடித்தவர் பாட்டு முடிகிறவரை விடவில்லை. கோயிலுக்குள் இருந்த அத்தனை பேரில் ஒருவருக்காவது குப்பத்தின் ஞாபகம் வரக் கூடாதா? வரவில்லை.

மறுநாள் பௌர்ணமி, அதனால் கடல் ஏற்கனவே சீறிக்கொண்டிருந்தது. மணி நிற்காமல் கேட்டதும் குப்பம் மொத்தமும் அலறிக்கொண்டு உப்புப் பாத்தி வரப்புகளில் ஓடிவந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி மலர்கொடி வரப்பு வழுக்கிப் பாத்திக்குள் விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு மேடேறியவர்களுக்கு, உள்ளே நிதானமாகப் பைபிள் வாசிக்கும் குரல் கேட்டது.

குழந்தை தங்கியிருக்கிறது, ஆனால் உடம்பு அலுங்கக் கூடாது, இன்னொரு அதிர்ச்சி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சவரிராயன் வெள்ளிக்கிழமை முழுக்கச் சோற்றைத் தொடவில்லை. பெரிய வெள்ளிக்கான ஒருசந்தி விரதம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை குப்பத்துக்குப் போனார். மலர்கொடியின் அம்மா பாஞ்சாலை வாசலில் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். சுனாமிக்குப் பிறகு மீன் வாங்க ஆளில்லாமல் பூக்கூடை தூக்கியவள் அவள். ஈஸ்டருக்குப் பீடத்து மாலைகள் அவளிடம்தான் சொல்லியிருந்தது.

"பொண்ணு எப்படி இருக்குது?"

"தட்டு விழுந்தாக்கூட வயித்தப் புடிச்சிக்கிது. எதுக்குண்ணே வந்த? பூவுக்கா?"

"நாளைக்கு விடியக்காலைல ஈஸ்டர் பூசை. அப்பவும் பாட்டு முடியற வரைக்கும் மணி அடிப்போம். கேட்டா ஓடாதீங்கன்னு சொல்லிட்டுப் போலாம்னு..."

பாஞ்சாலை நாரைக் கீழே போட்டாள். "ஓடாதேன்னு சொல்ற. அந்த நேரம் பாத்து நெஜமாவே தண்ணி வந்துட்டா? மணிய நம்பறதா, ஒன்ன நம்பறதா? நீ சொன்னா என் பொண்ணு புத்திக்குப் புரியும். ஒடம்புக்குப் புரியுமா?"

உள்ளே மலர்கொடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சவரிராயன் பாஞ்சாலையிடம் திரும்பினார்.

"அடிக்க மாட்டேன். மாதா மேல சத்தியம்."

"பாப்போம்" என்றாள் பாஞ்சாலை. "பூவுக்கு வேற ஆளப் பாத்துக்க."

சாயங்காலம் சாமியாரிடம் சொன்னபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஆண்டவர் கல்லறையிலேர்ந்து எழுந்திரிக்கறாருய்யா! அன்னிக்குப் போய் கட்டையத் தட்டச் சொல்றியா?"

"சத்தியம் பண்ணிட்டேன் சாமி."

"யாரக் கேட்டுப் பண்ண? நீ அடிக்கலன்னா வேற ஆளு அடிப்பான்."

சவரிராயன் இருதலைக்கொள்ளி எறும்பானார். மாதா மேல் செய்த சத்தியத்தை மாதா கோயிலிலேயே மீறுவதா?

ஞாயிறு விடிவதற்குள் கோயிலுக்கு வந்தார். பீடம் வெறுமையாக இருந்தது. வாசலில் நின்ற புங்கமரத்துக்கு மட்டும் தவக்காலமாவது ஒன்றாவது, பங்குனி பிறந்ததிலிருந்து பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே விழுந்ததில் மண் படாததாகப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்துப் பீடத்தில் வைத்தார். முன்வரிசைப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

பூசை தொடங்கியது. வானவர் கீதத்துக்கு ஆர்மோனியம் எழும்பியதும் சாமியார் திரும்பிப் பார்த்தார். சவரிராயன் வாசலோரம் தொங்கிய மணிக்கயிற்றுக்கு முதுகைக் கொடுத்துக் கைகட்டி நின்றார். ஆட்டோ ஓட்டும் அர்ச்சுனன் எழுந்து வந்து, "ஒதுங்குண்ணே, நான் அடிக்கறேன்" என்றான். அவர் அசையவில்லை. அர்ச்சுனன் அவர் தோளில் கை வைத்தான்.

"ஏம்பா, அவர வுடு!"

வாசலில் பாஞ்சாலை நின்றாள். இடுப்பில் கூடை, கூடை நிறையச் சம்பங்கி மாலை. அவளுக்குப் பின்னால் குப்பமே நின்றது. நான்கு ஆண்கள் மலர்கொடியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, அலுங்காமல் வரப்பு தாண்டிக் கொண்டுவந்து, புங்கமரத்தடியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஓடறதுக்கு முன்னாடியே வந்துட்டோம்ணே. எங்களால ஒங்க சாமி ஊமையா எழுந்திரிக்க வேணாம். அடி."

"சத்தியம் பண்ணிட்டேனே, பாஞ்சாலை."

"என்கிட்டதான பண்ண? நான் விட்டுட்டேன்."

அவர் மலர்கொடியைப் பார்த்தார். அவள் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள். அவர் இழுத்தார். முதல் அடிக்கே அவள் உடம்பு தூக்கிப்போட்டது. அவர் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாதீங்க!" என்று கத்தினாள் மலர்கொடி. "நிறுத்தினா அடுத்தது எப்ப வருமோன்னுதான் பயமா இருக்குது. அடிச்சிகிட்டே இருங்க."

அடித்தார். கண்ணீர் வாய்க்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. பாஞ்சாலை மகளின் தோளை அணைத்துக்கொண்டாள். உள்ளே பாட்டு முடிந்தது, ஆர்மோனியமும் ஓய்ந்தது. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். சாமியார் நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினார், வாசலைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார்.

மலர்கொடியின் ஒரு கை நாற்காலியை விட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கையும் விட்டது. இரண்டு கைகளும் வயிற்றின் மேல் வந்து அமர்ந்த பிறகுதான் சவரிராயன் கயிற்றை விட்டார்.