உபாய வலயம்

பெல்மதுளையில் பஸ் ஏறிய அந்த டீச்சர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ஒடிசலான உடம்பு, மழையில் நனைந்த சேலை, சோக்குத்தூள் போகாத விரல். வழியில் எந்தத் தமிழ் போர்டு தெரிந்தாலும் அந்த விரல் மடியிலிருந்த பையின்மேல் எதையோ எழுதியது. என்னவென்று கேட்டேன்.

"போர்டுல இருக்கிற எழுத்துப் பிழையத் திருத்துறேங்க. எங்க தேயிலைத் தோட்டத்து ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இதுதான் வெளையாட்டு. வர்ற வழியில பிழையான சொல்லக் கண்டுபிடிச்சு, கிளாஸ்ல சரியா எழுதினா ஒரு டொபி மிட்டாய்."

"அப்ப நம்ம ரோட்டுல டொபிக்குப் பஞ்சமே வராது," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"தோட்டத்துல வேலை செய்றவங்க குடியிருக்கிற ஒரு லயத்துக்குப் பின்னால மலையில வெடிப்பு விழுந்திருக்குங்க. மண்ணு சரியும்னு போன மாசம் அங்க ஒரு போர்டு நட்டாங்க. 'அபாய வலயம்'னு எழுத வேண்டியத 'உபாய வலயம்'னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அந்த லயத்துப் பிள்ளை ஒன்னு வந்து, உபாயம்னா என்னா டீச்சர்னு கேட்டிச்சு. கஷ்டத்துல இருந்து தப்பிக்கிற வழின்னு சொன்னேன். 'அப்ப எங்களுக்கு வழி இருக்கா டீச்சர்?'னு மொகமெல்லாம் சிரிப்பாக் கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"திருத்த வாய் வரலீங்க. டொபியக் குடுத்துட்டேன்."

அதன்பிறகு எத்தனையோ போர்டுகள் கடந்தன. அவர் விரல் அசையவேயில்லை. கண்ணாடியில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளைக்கு, அது 'உ' இல்லை 'அ' என்று யாராவது சொன்னார்களா? இன்றுவரை எனக்குத் தெரியாது.